வேலிக்கு வெளியே சாய்ந்த கிளை

போன ஆண்டு ஒரு கருத்தரங்குக்காகப் பெங்களூரு போயிருந்தேன். இரண்டு நாள் பேசி முடித்த களைப்பில், உடன் வந்த தோழிகள் இரவு ஒரு பாருக்கு அழைத்துப் போனார்கள். பானங்களின் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வரியில் கண் நின்றது. காட்டில் பறித்த களாப்பழம், ஜின், எலுமிச்சை, கோப்பையின் விளிம்பில் உப்பும் மிளகாய்த்தூளும். விலை 850 ரூபாய்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பரிமாற வந்தவர் தமிழ்க்காரர். "இந்தக் களாப்பழம் எங்கேருந்து வருது தம்பி?" என்று கேட்டேன். "காட்டுலேருந்துதான் மேடம். தேடிப் பறிக்கிறதுக்குன்னே ஆள் இருக்காங்க" என்றார். எந்தக் காடு, யார் அந்த ஆள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பட்டியலில் ஜின் கம்பெனியின் பெயர் இருந்தது. பானத்தை உருவாக்கியவரின் பெயரும் இருந்தது. பறித்தவர் மட்டும் 'ஆள்'.

பானம் வந்தது. நன்றாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். முதல் மிடறிலேயே உப்பும் காரமும் உதட்டில் பட்டு, பின்னாலேயே அந்தப் புளிப்பும் துவர்ப்பும் வந்தபோது, நான் பெங்களூருவில் இல்லை. செஞ்சிக்குப் பக்கத்தில், எங்கள் காலனிக்குப் பின்னால், ஒரு முள்வேலி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

*

எங்கள் காலனிக்கும் ஊருக்கும் நடுவே ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம் பாறைக்குன்று. அதன் அடிவாரம் முழுக்கச் சிறுகளா, சூரை, காரை, சப்பாத்திக்கள்ளி. குன்றை ஒட்டிய மல்லாட்டைக் கொல்லைகள் எல்லாம் ஊர்க்காரர்களுடையவை. ஆடுமாடு உள்ளே போகாமலிருக்கக் களாவையே வேலியாக வளர்த்திருந்தார்கள். களாவின் முள் லேசுப்பட்டதல்ல. மாடே தயங்கும்.

அந்த வேலிக்கு எழுதாத ஒரு சட்டம் இருந்தது. உள்பக்கம் சாய்ந்த கிளையில் இருப்பது கொல்லைக்காரருடையது. வெளிப்பக்கம் சாய்ந்த கிளையில் இருப்பதை யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காதவரை அது எங்களுடையது. அம்மா அந்தக் கொல்லைகளில்தான் களை வெட்டப் போவார். வைகாசி, ஆனி மாதங்களில் வேலை முடிந்து திரும்பும்போது வேலி ஓரமாகவே நடந்து, கருத்த பழங்களைப் பறித்து முந்தானையில் கட்டிக்கொண்டு வருவார். கையெல்லாம் முள் கீறியிருக்கும். சில நாள் எங்களுக்கு மதியச் சாப்பாடே அதுதான். காட்டுப்பழம் தேடிப் போவது எங்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை. அரிசி தீர்ந்த வாரத்தில் செய்யும் வேலை.

பழம் அதிகம் கிடைத்த அன்று அம்மா ஒரு தண்ணீர் போடுவார். மண்சட்டியில் பழத்தைப் போட்டுக் கையாலேயே பிசைந்து, கொட்டையைப் பிழிந்து எடுத்துவிட்டு, உப்பு, ஒரு பச்சை மிளகாய், இருந்தால் ஒரு துண்டு வெல்லம், பானைத் தண்ணீர். நல்ல சிவப்பாக இருக்கும். அதற்குப் பெயர்கூடக் கிடையாது. 'புளிப்புத் தண்ணி' என்போம். ஒரே சொம்பு, எல்லோர் கைக்கும் மாறி மாறிப் போகும்.

அந்தச் சொம்பை ஏன் சொல்கிறேன் என்றால், அதே அம்மாவுக்குக் கொல்லைக்காரர் வீட்டில் தண்ணீர் கேட்டால் குவித்த கையில்தான் ஊற்றுவார்கள், மேலேயிருந்து. டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ், குடித்துவிட்டு நாமே கழுவிக் கவிழ்க்க வேண்டும். பகல் முழுக்க ஏந்திக் குடித்தவர்கள் மாலையில் வாய் வைத்துக் குடித்த ஒரே பாத்திரம் எங்கள் வீட்டுச் சொம்புதான்.

ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் நாக்கும் உதடும் சிவந்திருக்கப் பள்ளிக்கூடம் போனேன். ஆசிரியர் ஒருவர் என்னை எழுப்பி நாக்கை நீட்டச் சொன்னார். "வேலி மேயுற ஆடு வந்திருக்கு பாருங்கடா" என்றார். வகுப்பு சிரித்தது. அன்று மாலை அம்மா கொண்டுவந்த பழத்தை எடுத்துக் குப்பைமேட்டில் கொட்டினேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து பழம் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். ஆசிரியர் சொன்னது எனக்கு மறந்துபோயிருக்கலாம். நான் கொட்டியது மறக்கவில்லை.

850 ரூபாய்க் கோப்பையின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேலேயே.

*

பெங்களூருவிலிருந்து திரும்பியதும் இந்தப் பழப் பானங்களின் கதையைத் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் 'ஸ்லோ ஜின்' என்று ஒன்று உண்டு. பிளாக்தார்ன் என்ற முட்செடியில் காய்க்கும் சிறிய கருநீலப் பழம் ஸ்லோ. நம் களா மாதிரியே, அப்படியே தின்றால் வாயைக் கட்டிவிடும் துவர்ப்பு. அதை ஊசியால் குத்தி, சர்க்கரையோடு ஜின்னில் சில மாதம் ஊறவைத்தால் சிவந்த மது கிடைக்கும். கிராமத்து மக்கள் வேலி ஓரங்களில் பறித்து வீட்டில் செய்துவந்த பானம் இது.

அந்த வேலிகள் எப்படி வந்தன என்று பார்த்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏழைகள் ஆடுமாடு மேய்த்து, விறகு பொறுக்கி வாழ்ந்த பொது நிலங்களை அங்கே நாடாளுமன்றமே சட்டம் போட்டு வளைத்துத் தனியாருக்குக் கொடுத்தது. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள், சுமார் 68 லட்சம் ஏக்கர். வளைத்த நிலத்தைச் சுற்றி நட்ட முட்செடிகளில் பிளாக்தார்னும் ஒன்று. நிலத்தை இழந்தவர்களுக்கு, அதைப் பறித்த வேலியில் காய்த்த பழம் மிஞ்சியது.

இங்கிலாந்தின் ஏழை விவசாயியும் எங்கள் அம்மாவும் ஒன்றல்ல. அவருக்கு நிலம் போனது. எங்களுக்கு நிலமும் இல்லை, கிணற்றில் இறங்கவும் உரிமையில்லை, கொடுக்கும் தண்ணீரைக் கையில் ஏந்த வேண்டும். சாதி வேலிக்குக் கூடுதலாக ஒரு முள் உண்டு. ஆனால் வேலி போடுகிறவன் புத்தி எங்கும் ஒன்றுதான். 1892க்குப் பிறகு நமக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அதில் எவ்வளவு இன்று யாருடைய வேலிக்குள் இருக்கிறது என்று உங்கள் ஊரிலேயே விசாரித்துப் பாருங்கள்.

*

பிறகு நானே செய்யத் தொடங்கினேன். படிப்பு வட்டத்துக்கு வரும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் செய்முறையை எழுதிவிடுகிறேன்.

களாவுக்குக் கால் கிலோ பழுத்த கருத்த பழம். காயாக இருந்தால் வெள்ளைப் பால் வடியும், துவர்ப்பும் கூடும். நன்றாகக் கழுவிக் கீறி, கால் கிலோ சர்க்கரை அல்லது வெல்லம், ஒன்றரை டம்ளர் தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். அதற்கு மேல் கொதித்தால் ஜெல்லி மாதிரி கட்டிவிடும். களாவுக்கு அந்தக் குணம் உண்டு. ஆறியதும் பாட்டிலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும்.

நாவலைக் கொதிக்கவிடாதீர்கள். உப்பு போட்டுக் கையால் பிசைந்து, கொட்டையை எடுத்து, வடிகட்டி அன்றே குடித்துவிடுங்கள்.

சப்பாத்திக்கள்ளிப் பழத்தில் கண்ணுக்குத் தெரியாத மயிர்முள் இருக்கும். இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டிச் சுட்டு எடுங்கள். பிறகு பிளந்தால் நடுவில் ஒரு முள் இருக்கும், அதை எடுத்தெறிந்துவிட்டுத் துணியில் பிழியுங்கள். அந்த நிறத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. மெக்சிகோ, அமெரிக்கப் பார்களில் இதே குடும்பத்துப் பழத்தை மார்கரிட்டாவில் கலக்கிறார்கள். இந்தச் செடியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான்.

கலப்பது எளிது. களாச் சாறு 30 மில்லி, எலுமிச்சைச் சாறு 10 மில்லி, ஐஸ் போட்டுக் குலுக்கி, மேலே சோடா. மது சேர்ப்பவர்கள் சோடாவைக் குறைத்து 45 அல்லது 60 மில்லி ஜின்னோ வோட்காவோ சேர்க்கிறார்கள். விளிம்பில் எலுமிச்சையைத் தடவி உப்பு மிளகாய்த்தூளில் புரட்டுங்கள். பாரில் அது பெரிய கலை. நமக்குப் பள்ளிக்கூட வாசலில் பாட்டி காகிதத்தில் மடித்துக் கொடுத்த அதே உப்பும் காரமும்தான்.

ஒரு எச்சரிக்கை. தெரியாத பழத்தைப் படம் பார்த்துப் பறித்து வாயில் வைக்காதீர்கள். குன்றிமணி அழகாக இருக்கும், கொல்லும். பால் வடியும் செடிகளில் அரளியும் உண்டு. உங்கள் ஆயாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். எந்தச் செடி, எந்த மாதம், எது ஆகாது என்பதெல்லாம் அவர்களிடம் இருக்கும் படிப்பு. அதற்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை என்பதால் அது படிப்பில்லை என்று ஆகிவிடாது.

*

இப்போது, படிப்பு வட்டத்தில் ஒரு மாணவர் கேட்ட கேள்வி. "அக்கா, நம்ம மக்கள் குடியால அழியும்போது நீங்க காக்டெயில் செய்யச் சொல்லித் தர்றீங்களே, இது சரியா?"

சரியான கேள்வி. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். என் அப்பா கல் உடைத்தார், உடம்பு வலிக்குக் குடித்தார், ஐம்பது வயதைத் தாண்டவில்லை. மது வாசனை வந்தாலே அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கூலி வேலைக்குப் போய்வந்தவர்கள், அவர்களில் நம் மக்கள் ஏராளம். அவர்கள் குடித்ததில் மெத்தனால் கலந்திருந்தது. அது உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும், பிறகு உயிரை எடுக்கும். குடிக்கிறவருக்கு வாசனையிலோ நிறத்திலோ வித்தியாசம் தெரியாது. ஆகவே பாக்கெட் சாராயத்தைத் தொடாதீர்கள், வீட்டில் காய்ச்சிப் பார்க்கவும் நினைக்காதீர்கள்.

ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். 850 ரூபாய்க் கோப்பையைப் பிடித்திருப்பவருக்குப் பெயர் 'ரசனை உள்ளவர்'. என் அப்பாவுக்குப் பெயர் 'குடிகாரன்'. கோவாவின் முந்திரி ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆதிவாசிகள் இலுப்பைப் பூவில் காய்ச்சும் மதுவுக்காக அவர்களைக் காலங்காலமாகக் குற்றவாளிகளாக நடத்தியபின், 2021இல் மத்தியப் பிரதேச அரசு அதையே பாரம்பரிய மது என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, 2003 முதல் மது விற்பனை டாஸ்மாக் கையில். எந்தக் குடி பண்பாடு, எந்தக் குடி குற்றம் என்பதைக் குடிக்கிறவர் யார் என்பதை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

பாபாசாகேப் இதில் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். இரண்டு விஷயம் உண்டு, இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். 1951இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தேர்தல் அறிக்கை மதுவிலக்கைக் கைவிடச் சொன்னது. மக்கள் நலத் திட்டங்களுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அது காட்டிய வழிகளில் ஒன்று அது. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் மக்களுக்கு அவர் கொடுத்த 22 உறுதிமொழிகளில் 'மது அருந்த மாட்டேன்' என்பதும் ஒன்று. முதலாவது, அரசு என்ன செய்ய வேண்டும் என்பது. இரண்டாவது, விடுதலையை நோக்கி நடக்கிறவர் தன்னை எப்படி வைத்துக்கொள்வது என்பது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கிறவர்களிடம் கவனமாக இருங்கள்.

என் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். களாத் தண்ணீர் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிளாஸில்தான் வரும், மது இல்லாமல். வேண்டுகிற பெரியவர்கள் பிறகு தாங்களே சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்காதவரை ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. சேர்க்கிற பெண்ணையும் கேட்கக் கூடாது. இயக்க நிகழ்ச்சிகளில் மது கிடையாது. உறுதிமொழி எடுத்தவர்கள் அதில் நிற்கட்டும், அவர்கள் முன்னால் நான் தலைவணங்குகிறேன். நான் ஆண்டுக்கு ஓரிரு முறை குடிப்பவள். இதை மறைத்து உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு விருப்பமில்லை.

*

போன ஆனி மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு களா பறிக்கப் போனேன். பழைய வேலிகளில் பாதி இல்லை, கம்பிவேலி வந்துவிட்டது. கம்பிவேலியில் எதுவும் காய்க்காது. ஏரிக்கரை முழுக்கச் சீமைக்கருவேலம். குன்றின் ஒரு பக்கத்தைக் கல்குவாரி தின்றுவிட்டது. மிச்சமிருக்கும் சரிவில் ஒரு மணி நேரம் அலைந்து ஒரு தூக்கு நிறையப் பறித்தோம். பறவைகளுக்கும் விட வேண்டும் என்று அம்மா மேல் கிளைகளைத் தொடவிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செய்முறையைச் சொல்லச் சொல்லி நோட்டை எடுத்தேன். "இதப் போயி யாராச்சும் எழுதுவாங்களா? கஞ்சிக்கு வழியில்லாம தின்னதுடி" என்றார். எழுதினேன். சாறு எடுத்து, சோடா ஊற்றி, விளிம்பில் உப்பு மிளகாய் வைத்துக் கண்ணாடி கிளாஸில் கொடுத்தேன். முதலில் மோந்து பார்த்தார். "ஒண்ணும் கலக்கலியே?" கலக்கவில்லை என்றேன். ஒரு மிடறு குடித்தார். கிளாஸைத் திருப்பி விளிம்பைப் பார்த்தார்.

"அன்னிக்கு கொட்டினியே, இதத்தானே?" என்றார்.

அவரும் மறக்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டு கழித்து அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "குடி, ஐஸ் உருகுது" என்று சொல்லிவிட்டார்.

தம்பி, தங்கைகளே, உங்களிடம் கேட்பது இரண்டு காரியம். ஒன்று, உங்கள் வீட்டுப் பெண்களிடம் உட்கார்ந்து, பசித்த காலத்தில் எந்தச் செடியில் எதைப் பறித்தார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பெயர்களிலேயே எழுதுங்கள். நாளைக்கு எவரோ அதைக் 'கண்டுபிடித்து' விற்கும்போது, பறித்தவர் பெயரையும் கூலியையும் கேட்க நம்மிடம் எழுத்து இருக்க வேண்டும். இரண்டு, அந்தச் செடி நிற்கும் இடத்தின் புல எண்ணைத் தெரிந்துகொண்டு, கிராமத்தின் 'அ' பதிவேட்டில் அது என்ன நிலம் என்று பாருங்கள். மேய்க்கால் புறம்போக்கா, ஏரிப் புறம்போக்கா, பஞ்சமி நிலமா? இன்று யார் கையில்? பதில் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்.

எங்கள் குன்றுக்கு நான் போட்டுவிட்டேன். அடுத்த ஆனிக்குள் பதில் வர வேண்டும். வந்தாலும் வராவிட்டாலும் பறிக்கப் போவோம். வருகிறவர்கள் வாருங்கள், கையில் ஒரு தூக்கோடு.

ஜெய் பீம்.